தைப்பது ஒன்று, வெட்டுவது ஒன்று

தோள்பட்டையில் ஜவ்வு கிழிந்திருக்கிறது, தைக்க வேண்டும் என்று சொல்லித்தான் நோயாளியை உள்ளே அழைத்துப் போகிறார்கள். வெளியே வரும் மருத்துவர், "ஜவ்வைத் தைத்தாயிற்று, கூடவே பைசெப்ஸ் தசைநாணையும் வெட்டிவிட்டோம்" என்கிறார். காத்திருந்த குடும்பத்துக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. கிழிந்ததைத் தைக்கப் போன இடத்தில் நன்றாக இருந்ததை ஏன் வெட்டினார்கள்?

பெரும்பாலும் அது நன்றாக இருந்திருக்காது.

கையை மடக்கினால் புஜத்தில் உருண்டு எழும் தசைதான் பைசெப்ஸ். இரட்டைத் தலை என்பது அந்த லத்தீன் பெயரின் பொருள். மேல்முனையில் அது இரண்டு தசைநாண்களாகப் பிரிகிறது. குட்டைத் தலை, தோளின் முன்புறம் காக்கை அலகுபோல நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பைப் பற்றியிருக்கிறது. அதனால் தொல்லை வருவது அபூர்வம். நீளத் தலையின் கதை வேறு. மேற்கை எலும்பின் முன்பக்கத்துப் பள்ளம் வழியாக ஏறி, மூட்டுக்குள்ளேயே நுழைந்து, எலும்புப் பந்தின் மேல் வளைந்து, தோள் கிண்ணத்தின் மேல்விளிம்பில் போய்ச் சேர்கிறது. கிணற்று ராட்டினத்தில் கயிறு வளைந்து இறங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு நைந்துபோவது அந்த வளைவில்தான்.

இந்தக் கயிறு பள்ளத்தைவிட்டு நழுவாமல் இருக்கத் துணைநிற்பது, தோளைக் கவிந்திருக்கும் ரொட்டேட்டர் கஃப் என்ற நான்கு தசைநாண்களின் கூட்டம். பேச்சுவழக்கில் நாம் ஜவ்வு என்பது பெரும்பாலும் இதைத்தான். முன்புறமுள்ள சப்ஸ்கேபுலாரிஸ் கிழிந்தால் காவல் போய்விடுகிறது. பைசெப்ஸ் நாண் உள்பக்கமாகச் சரிந்து, உராய்ந்து, தட்டையாகி, நார்நாராகப் பிரிகிறது. கஃப் கிழிசலும் பைசெப்ஸ் கோளாறும் பலருக்குச் சேர்ந்தே இருப்பது இதனால்தான். ஒன்றைத் தைத்துவிட்டு மற்றதைக் கவனிக்காமல் விட்டால், தோளின் முன்பக்கத்து வலி அப்படியே தங்கிவிடக்கூடும்.

இந்தக் கோளாறு எம்ஆர்ஐ படத்தில் எப்போதும் தெரிவதில்லை. ஆர்த்ரோஸ்கோப்பிக் கருவியைச் சிறு துளை வழியாக நுழைத்து, நாணைக் கொக்கியால் இழுத்துப் பார்க்கும்போதுதான் பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கும் சிதைவு வெளியே வருகிறது. அதனால் பல நேரம் முடிவும் அறுவை மேசையிலேயே எடுக்கப்படுகிறது.

வழிகள் இரண்டு. நாணை அதன் வேரில் வெட்டி அப்படியே விட்டுவிடுவது டெனாட்டமி. வெட்டிய நாணை இறக்கி, மேற்கை எலும்பிலேயே திருகாணியாலோ நூல்கோத்த நங்கூரத்தாலோ பொருத்துவது டெனோடெசிஸ்.

வெட்டிவிடுவது முரட்டு வைத்தியமாகத் தோன்றலாம். ஆனால் நீளத் தலை தானாகவே அறுந்துபோனவர்கள் சிலருக்குப் பழைய வலி விட்டுப்போவதை மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த ழில் வால்ஷும் சகாக்களும், கஃப் கிழிந்தவர்களுக்கு, அதைத் தைக்காமல், இந்த நாணை வெட்டிய 307 சிகிச்சைகளின் விளைவை 2005இல் வெளியிட்டார்கள்; பெரும்பாலோருக்கு நிவாரணம் கிடைத்திருந்தது. அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜான் எல்வேக்கு 1997இல் பந்தெறியும் வலக்கையின் பைசெப்ஸ் நாண் அறுந்தது. அதே பருவத்தில், 1998 ஜனவரியில், அவர் அணி சூப்பர் பவுல் கோப்பையை வென்றது.

நீளத் தலை போனாலும் குட்டைத் தலை இருக்கிறது. முழங்கைக்குக் கீழே உள்ள பிடிமானமும் அப்படியே இருக்கிறது. கை மடங்கும். ஸ்க்ரூ டிரைவர் திருகுவதுபோல உள்ளங்கையை மல்லாக்கித் திருப்பும் வலு மட்டும் சற்றுக் குறையலாம். தசை கீழிறங்கிப் புஜத்தில் பந்துபோலத் திரளலாம். கார்ட்டூன் மாலுமியின் நினைவாக மருத்துவர்கள் இதைப் பாப்பாய் புஜம் என்கிறார்கள். சிலருக்குத் தசைப்பிடிப்பும் வரும்.

டெனோடெசிஸில் இவை குறைவு. பதிலுக்கு, பொருத்திய இடம் எலும்போடு சேரும்வரை, ஏறத்தாழ 6 வாரம், அந்தக் கையால் குடம் தூக்குவதோ இறுகிய மூடியைத் திருகுவதோ கூடாது. பொருத்தியது நழுவவும், அந்த இடத்திலேயே வலி தங்கவும் வாய்ப்புண்டு. வலிக்குறைவிலும் தோளின் இயக்கத்திலும் இரண்டு முறைகளுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்றே ஒப்பீட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

வெட்டிவிட்டால் சீக்கிரம் குணமாகும் என்ற வாதத்தை, கஃப் தையலும் சேர்ந்து நடக்கும்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தைத்த கஃபுக்காக எப்படியும் 4 முதல் 6 வாரம் ஸ்லிங் போட்டாக வேண்டும். ஆகவே தீர்மானிக்க வேண்டியது வயதும் வேலையும்தான். எழுபது வயதில், புஜத்தின் வடிவம் பற்றிக் கவலைப்படாதவருக்கு வெட்டிவிடுவது போதும். பட்டறையில் ஸ்பேனர் பிடிக்கும் நாற்பது வயதுக்காரருக்குப் பொருத்திக் கொடுப்பதே நியாயம்.

இதை மயக்க மருந்துக்குப் பிறகு யாரும் உங்களிடம் கேட்க முடியாது. எனவே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே கேளுங்கள்: "உள்ளே பார்க்கும்போது பைசெப்ஸ் நாண் கெட்டிருந்தால் வெட்டிவிடுவீர்களா, பொருத்துவீர்களா? எனக்கு எது, ஏன்?" உங்கள் வேலை என்ன, எந்தக் கையால் செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பதிலைப் படிவத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.