குதிரையும் நாயும் வளரும் வீட்டில் ஒரு நோட்டு

குதிரைக்கு வைத்தியம் பார்க்க வரும் மருத்துவர் ஊசியை எடுப்பதற்கு முன் கேள்விகள் கேட்பார். கடைசியாக எப்போது லத்தி போட்டது? நேற்று எவ்வளவு தண்ணீர் குடித்தது? தீவனத்தை மாற்றினீர்களா? நாயைத் தூக்கிக்கொண்டு போனாலும் இப்படித்தான் கேட்பார்கள். ‘வழக்கம்போலத்தான் இருந்தது’ என்ற பதில் அவருக்கு உதவாது. அந்த வழக்கம் என்ன என்று எழுதி வைத்திருப்பவரால்தான் உருப்படியான பதில் சொல்ல முடியும்.

குதிரை, வேட்டையாடப்பட்ட இனம். கூட்டத்தில் நொண்டுவதும் சோர்வதும்தான் புலி, ஓநாயின் கண்ணில் முதலில் படும். அதனால் குதிரை வலியை வெளிக்காட்டாமல் தாங்கும். நாயும் பெரும்பாலும் அப்படித்தான். நோய் கண்ணுக்குத் தெரியும்போது முற்றியிருக்கும். அதற்கு முன்பே ஒரு சின்ன மாற்றம் வந்திருக்கும், அதைப் பிடிக்க ஒரு கோடு போட்ட நோட்டும் தினமும் ஐந்து நிமிடமும் போதும்.

முதல் பக்கம்

ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வயது, எடை, தடுப்பூசி போட்ட தேதி, குடற்புழு மருந்து கொடுத்த தேதி, மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவை அதில் இருக்கட்டும்.

குதிரையை எடை போடத் தராசு கிடைக்காது. வளையக்கூடிய நீளமான அளவு டேப் ஒன்று போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்த சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரையுள்ள நீளத்தால் மீண்டும் பெருக்கி, 11,880-ஆல் வகுக்க வேண்டும். அளவுகள் சென்டிமீட்டரில் இருந்தால் விடை கிலோவில் வரும். சுற்றளவு 160, நீளம் 150 என்றால் எடை ஏறக்குறைய 323 கிலோ. தீவனத்துக்கும் மருந்துக்கும் இந்த எண்தான் அடிப்படை. உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் அளவுக்குக் காய்ந்த தீவனம் வேண்டும் என்ற கணக்கில், இந்தக் குதிரைக்கு நாளுக்கு ஐந்து முதல் ஆறரை கிலோ தேவை. பச்சைப்புல்லில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அது இதைவிட அதிகம் வேண்டும்.

நலமாக இருக்கும்போது எடுக்கும் அளவுகள்

நோய் இல்லாத நாட்களில், ஓய்வாக நிற்கும்போது, சில முறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வளர்ந்த குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை, மூச்சு 8 முதல் 16 வரை, உடல் வெப்பம் 99 முதல் 101 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்தால் நாடி கிடைக்கும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கலாம். மூச்சை விலாவின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து எண்ணலாம். வெப்பமானியை ஆசனவாயில் வைக்கும்போது பின்னால் நிற்காமல் பக்கவாட்டில், உடலை ஒட்டி நில்லுங்கள்.

நாயின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி. மனிதருக்குக் காய்ச்சலாகும் 101, நாய்க்குச் சாதாரணம். நாடியைத் தொடையின் உள்பக்கத்தில் பார்க்கலாம். சிறிய நாய்க்கு அதிகமாகவும் பெரிய நாய்க்குக் குறைவாகவும் இருக்கும். ஆகவே பொது அளவைவிட உங்கள் நாயின் சொந்த அளவே முக்கியம்.

குதிரையின் பக்கம்

நாளுக்கு எத்தனை முறை லத்தி போட்டது என்பதை முதலில் எழுதுங்கள். நலமான குதிரை ஒரு நாளில் ஏறக்குறைய 8 முதல் 12 முறை போடும். குதிரையின் இரைப்பை உடலுக்குச் சிறியது. அது தின்ற நார்ப்பொருளின் பெரும்பகுதி பெருங்குடலில் நுண்ணுயிர்களால் புளிக்க வைக்கப்பட்டே செரிக்கிறது. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்திலுள்ள தசை அவ்வளவு இறுக்கமானது. உள்ளே போனது அடைத்தாலும் வாயு சேர்ந்தாலும் வெளியேற வேறு வழி இல்லை. கோலிக் எனப்படும் வயிற்றுவலி குதிரைகளின் உயிரைக் குடிக்க இதுவும் ஒரு காரணம். லத்தி குறைவது, தீவனத்தை ஒதுக்குவது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, காலால் தரையைப் பிராண்டுவது, படுத்துப் புரள்வது ஆகியவை அதன் அறிகுறிகள். ஓய்வில் நாடி 60-ஐத் தாண்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

அடுத்து தண்ணீர். தொட்டியில் நேரடியாக விடாமல் வாளிக் கணக்கில் ஊற்றினால் அளவு தெரியும். தண்ணீர் குறைந்தால் குடலில் அடைப்பு வரும். தீவன மாற்றத்தையும் தேதியோடு எழுதுங்கள். கொள்ளு, ஓட்ஸ், தவிடு போன்ற அடர்தீவனத்தைத் திடீரென்று கூட்டினால் குடல் நுண்ணுயிர்களின் சமநிலை குலையும். அது வயிற்றோடு நிற்காமல் குளம்புக்குள்ளும் அழற்சியைக் கொண்டுவரும். எந்த மாற்றத்தையும் ஒரு வாரம் பத்து நாளில் சிறிது சிறிதாகச் செய்ய வேண்டும்.

தினமும் குளம்பைத் தூக்கிக் கல், முள் பார்த்து, சூட்டையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பைச் சீவ வேண்டும். லாடம் கட்டுபவர் வந்த தேதி நோட்டில் இருக்கட்டும்.

நாயின் பக்கம்

தட்டில் மீதி வைத்ததா, மலம் இறுக்கமா தளர்வா, வாந்தி எடுத்ததா என்பவை தினக்குறிப்புகள். வாரம் ஒரு முறை ஈறின் நிறத்தைப் பாருங்கள். நலமான ஈறை விரலால் அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்பும். கருப்பு ஈறுள்ள நாய்க்குக் கண்ணிமையின் உள்பக்கத்தைப் பார்க்கலாம். காது, விரலிடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி ஆகிய இடங்களில் உண்ணி தேடுங்கள். உண்ணி கண்ட தேதி எழுதப்பட்டிருந்தால், பின்னர் காய்ச்சலும் சோர்வும் வரும்போது மருத்துவர் உண்ணிக் காய்ச்சலை உடனே சந்தேகிப்பார்.

இரண்டும் சேரும் இடம்

குதிரைக்கு ஏறக்குறைய சுற்றிலும் பார்வை உண்டு. ஆனால் நேர் பின்னாலும் நெற்றிக்கு மிக அருகிலும் எதுவும் தெரியாது. நாய் பின்னாலிருந்து ஓடிவந்தால் குதிரை உதைக்கும். நாய் எப்போது துரத்தியது, எப்போது அமைதியாக இருந்தது என்று எழுதினால், தீவன நேரமா, புதிய ஆட்கள் வந்த நேரமா என்று காரணம் பிடிபடும். இந்த இரண்டும் நட்பாக விளையாடவும் செய்யும். குதிரையும் நாயும் விளையாடும்போது ஒன்றின் முகபாவனையை மற்றொன்று நொடியில் பிரதிபலிப்பதை இத்தாலிய ஆய்வாளர்கள் 2020-இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

குதிரைக்குக் குடற்புழு மருந்து கொடுக்கும் நாளிலும் அடுத்த சில நாட்களிலும் நாயைக் கட்டி வையுங்கள். குதிரையின் குடற்புழுப் பசை, நூற்றுக்கணக்கான கிலோ உடம்புக்கு அளந்தது. அதில் பெரும்பாலும் இருக்கும் ஐவர்மெக்டின் என்ற மருந்து கீழே சிந்தினாலும், லத்தியோடு வெளியேறினாலும், அதைத் தின்னும் நாய்க்கு நஞ்சாகலாம். கோலி போன்ற சில இனங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். நாயின் வெறிநோய்த் தடுப்பூசித் தேதி குதிரைக்கும் சேர்த்துத்தான். வெறிநாய் கடித்து நோய் வந்தால் குதிரையும் பிழைக்காது. சிறு காயத்திலும் ரணஜன்னி வரக்கூடிய குதிரைக்கு அதற்கான தடுப்பூசியும் தவறக் கூடாது.

எப்படி எழுதுவது

கண்டதை எழுதுங்கள், முடிவை எழுதாதீர்கள். ‘மந்தமாக இருந்தது’ என்பதைவிட ‘காலை ஆறு மணிக்கு வைத்ததில் பாதி மீதி; மதியம் வரை லத்தி இல்லை’ என்பது நூறு மடங்கு பயன் தரும். நேரம் கட்டாயம். நோட்டைக் கொட்டகையிலேயே தொங்கவிட்டால் தீவனம் வைப்பவர் யாராக இருந்தாலும் எழுதுவார், பிள்ளைகளும் எழுதலாம்.

மருத்துவரை அழைக்கும்போது நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாடி, மூச்சு, வெப்பம், கடைசி லத்தி அல்லது மலம், கடைசித் தீவனம், தண்ணீர், கொடுத்த மருந்து என்ற வரிசையில் படியுங்கள். உடனே கிளம்ப வேண்டுமா, எந்த மருந்தோடு வர வேண்டும் என்பதை அவர் தொலைபேசியிலேயே தீர்மானிப்பார். வாயில்லா ஜீவனுக்காகப் பேச வேண்டியவர் நீங்கள். சரியாகப் பேச இந்த நோட்டு வேண்டும். இன்று மாலை தீவனம் வைக்கும்போதே முதல் வரியை எழுதிவிடுங்கள்.