இழுகயிறும் இரண்டு எண்ணெயும்

நெடுந்தீவைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் குதிரைகளில் தொடங்குவர். அந்நியர் ஆண்ட காலத்தில் வந்திறங்கிய குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் அத்தீவின் வெளிகளில் கட்டற்று மேய்கின்றன. அவற்றை விட்டால் பருத்துயர்ந்த பெருக்கமரம். அதனை விட்டால் முருகைக்கற்களை அடுக்கிக் கட்டிய மதில்கள். அதன்பின் ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு. இவை யாவும் எழுதத் தக்கவையே. ஆயினும் அத்தீவில் விஞ்ஞானம் கற்பித்த ஆண்டுகளில் என் கருத்தைக் கவர்ந்தது வேறொன்று. விடியற்பொழுதில், முழங்கால் அளவு நீரில் ஆடி நிற்கும் படகில், பின்புறத்து எஞ்சினின் இழுகயிற்றை ஒருவர் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருப்பார். அந்த எஞ்சின் ஏன் எழும்ப மறுக்கின்றது? இக்கேள்வியையே இங்கு ஆராயப் புகுகின்றேன்.

இது சிறிய விடயம் என்று நிலத்தில் வாழ்வோர் எண்ணக்கூடும். மோட்டார்ச் சைக்கிள் கிளம்பாவிட்டால் தள்ளிச் செல்லலாம், பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம். ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள நெடுந்தீவுக்குப் பாலம் இல்லை. புங்குடுதீவின் குறிகட்டுவான் வரையே தரைப்பாதை. அப்பால் மாவிலித்துறை வரை ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். தீவிலே வைத்தியசாலை உண்டெனினும், கடும் நோயாளரைக் கடல் கடத்தியே ஆகவேண்டும். வலை இழுக்கப் போகின்றவனுக்கும் விடியலில் இழந்த ஒரு மணி நேரம் அன்றைய சந்தையை இழந்ததற்கு ஒப்பாகும்.

எந்த எஞ்சினைப் பற்றிப் பேசுகின்றோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ளுதல் நன்று. 1985ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் நடுக்கடலில் நிகழ்ந்த கொலைகளால் எம்மவர் நெஞ்சில் ஆறாத பெயராகிவிட்ட ‘குமுதினி’ போன்ற பெரிய பயணிகள் படகுகள் டீசலில் ஓடுவன. அவற்றுக்குக் காபரேற்றர் என்னும் உறுப்பே கிடையாது. ஆதலின் அவை எம் விசாரணைக்குள் வாரா. கண்ணாடி இழைப் படகின் பின்பலகையில் கொளுவி வைக்கப்படும் சிறிய எஞ்சினே இங்கு எம் பொருள். கடற்றொழில் திணைக்களத்தார் அதனை வெளியிணைப்பு இயந்திரம் என்பர். அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் என்பார் 1909ஆம் ஆண்டளவில் இவ்வகை எஞ்சினைச் சந்தைக்கு உரியதாக்கினார். எம் பகுதியில், 1960களின் பிற்பகுதியில் நோர்வே நாட்டவரின் உதவியோடு காரைநகரில் எழுந்த சீநோர் நிறுவனம் கண்ணாடி இழைப் படகுகளைக் கட்டத் தொடங்கிய பின்னர், பாய் விரித்த வள்ளங்கள் படிப்படியாக ஒதுங்கி, யப்பானிய எஞ்சின்கள் கரையெங்கும் நிறைந்தன.

அவ்வெஞ்சின்களுட் பல இரண்டு எண்ணெயில் ஓடுவன. பெற்றோலில் எழுப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இதற்கென ஒரு சிறு பெற்றோல் தாங்கியும், பெரிய மண்ணெண்ணெய்த் தாங்கியும், இரண்டுக்கும் நடுவே ஒரு மாற்றுத் திறப்பும் உள்ளன. மண்ணெண்ணெய் மலிவு, அதனாலேயே இந்த ஏற்பாடு.

தீவின் மேற்குக் கரையில் எனக்கு அறிமுகமான முதியவர் ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் எழும்பாத எஞ்சின் எதுவாயினும் அவரையே அழைப்பர். அவர் வந்தவுடன் எஞ்சினின் மூடியைக் கழற்றமாட்டார், கயிற்றையும் தொடமாட்டார். கைகளைப் பின்னாற் கட்டிக்கொண்டு நின்று, படகுக்கார இளைஞனைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்:

“தம்பி, நேற்றுப் பின்னேரம் என்னத்திலை நிப்பாட்டினனி?”

பத்தில் எட்டு முறை மறுமொழி ஒன்றே: “மண்ணெண்ணெயிலைதான், அப்பு.”

“அப்ப எஞ்சினிலை என்ன பிழை? அது பாவம்.”

நாடியைத் தொடுமுன் நேற்று உண்டது என்ன என்று வினவும் பழைய வைத்தியரின் முறை இது. இவ்வொரு வினாவுக்குள் ஒரு முழு விஞ்ஞான பாடம் அடங்கியிருப்பதை நான் பின்னர் வகுப்பிலே பலமுறை எடுத்துக் கூறியுள்ளேன். எஞ்சினுக்குள் தீப்பற்றுவது திரவமன்று. அத்திரவத்தின் ஆவியும் காற்றும் கலந்த கலவையே. பெற்றோல் சுழியத்துக்குக் கீழே 40 பாகை அளவிலும் தீப்பற்றத்தக்க ஆவியை எழுப்பும். மண்ணெண்ணெயோ சுழியத்துக்கு மேல் 38 பாகை அளவைத் தாண்டினால்தான் அவ்வாறு ஆவியை எழுப்பும். மார்கழி, தை மாதத்து விடியலில் எம் கரையில் வெப்பமானி 23 பாகை அளவில் நிற்கும். பங்குனி வெயிலிலும் நிழலில் 38ஐ எட்டுவது அரிது. ஆகவே குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் சென்றால் அது சுவர்களில் ஈரமாய்ப் படியுமேயன்றித் தீயாய் எழாது. ஓடிச் சூடேறிய எஞ்சினுக்குள் அதே மண்ணெண்ணெய் நன்றாக எரிகின்றது. பழுது எண்ணெயிலும் இல்லை, எஞ்சினிலும் இல்லை. இரண்டும் சந்தித்த வேளையிலே உள்ளது.

இனிக் காபரேற்றரைச் சற்றுப் பார்ப்போம். அதன் அடியில் ஒரு சிறு கிண்ணம். அதற்குள் ஒரு மிதவை. எண்ணெய் குறைந்தால் மிதவை தாழ்ந்து ஊசி வாயிலைத் திறக்கும். நிரம்பினால் உயர்ந்து மூடும். எம் வீடுகளின் நீர்த்தொட்டிகளில் இன்று காணும் ஏற்பாடும் இதுவே. மேலே, ஒடுங்கிய கழுத்தொன்றின் ஊடாகக் காற்று விரைந்து செல்லும்போது அங்கு அமுக்கம் குறைகின்றது. கிண்ணத்து எண்ணெய் நுண்துளை வழியே மேலெழுந்து தெறித்துக் காற்றிற் கலக்கின்றது. ஜேர்மானியரான வில்ஹெல்ம் மேபாக் 1893இல் இத்தகைய தெளிப்புக் காபரேற்றரை அமைத்தார்.

மாலையில் மண்ணெண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சினை நிறுத்தினால், இக்கிண்ணம் மண்ணெண்ணெயால் நிறைந்தபடியே இரவைக் கழிக்கும். காலையில் மாற்றுத் திறப்பைப் பெற்றோல் பக்கம் திருப்பியதும் பெற்றோல் வந்துவிட்டதாக இளைஞன் எண்ணுகின்றான். வரவில்லை. கிண்ணத்தில் இருக்கும் மண்ணெண்ணெய் முழுவதும் தீர்ந்த பிறகே பெற்றோலுக்கு முறை. கயிற்றிழுப்பில் எஞ்சின் சில சுற்றுகளே சுற்றுமாதலால், ஒவ்வோர் இழுப்புக்கும் சில துளிகளே மேலேறும். முப்பது இழுப்பு என்பது இவ்வாறு பிறந்த கணக்கு. அம்முப்பதும் எஞ்சினுக்கு நன்மை செய்வதில்லை. உள்ளே ஈரமாய்ப் படிந்த மண்ணெண்ணெய் பிளக்கை நனைக்கின்றது. பிஸ்டன் வளையங்களைச் சுற்றியுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, அமுக்கத்தையும் குறைக்கின்றது. முயல முயல எழுப்புதல் கடினமாகின்றது.

ஆதலால் கரைக்கு வருமுன் இரண்டு மூன்று நிமிடம் பெற்றோலுக்கு மாற்றி ஓடவிட்டே நிறுத்த வேண்டும் என்பது முதியவரின் விதி. மெதுவாய் ஓடும் சிறு எஞ்சின் அந்நேரத்தில் குடிப்பது அரைத் தேநீர்க் கோப்பை அளவு, 50 மில்லிலீற்றர் எனலாம்.

அரைக் கோப்பைதானே, அதனைச் செய்தால் என்ன என்று கேட்பது எளிது. இங்கேதான் எஞ்சினின் நோய் வரலாற்றின் நோயோடு கலக்கின்றது. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. பல ஆண்டுகள் அங்கு மோட்டார்ச் சைக்கிள்களும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மண்ணெண்ணெயிலேயே ஓடின. சிறு போத்தலில் பொன்போல் காத்த பெற்றோலைக் குழாய்வழி காபரேற்றரின் வாய்க்குள் சில துளி விட்டு எழுப்பி, உடனே மண்ணெண்ணெயிற் பிடித்துக்கொள்ளும் வித்தையைப் பள்ளிச் சிறுவரும் அறிந்திருந்தனர். நாவன்மையால் புகழ்பெற்ற எம் இனத்தின் கைவன்மைக்கு அக்காலம் ஒரு சான்று. அதனை எவரும் விரிவாக எழுதிவைக்கவில்லையே என்பது என் நெடுநாட் குறை. ஆனால் அக்காலத்துப் பழக்கம் ஒன்று கைகளில் தங்கிவிட்டது. பெற்றோல் எழுப்புவதற்கு மட்டுமே உரியது, நிறுத்துவதற்கு அதனைச் செலவிடுதல் ஊதாரித்தனம் என்பதே அது.

2022இல் அப்பழக்கத்துக்குப் புதிய காரணமும் கிடைத்தது. 2021 முடிவில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல், 2022 யூன் இறுதியில் 470 ரூபாவாயிற்று. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாக உயர்ந்தது. அதற்கு முன்னர் பல வாரங்கள் எந்த விலைக்கும் அது கிடைக்கவில்லை. கலன்கள் வரிசையில் நின்றன, படகுகள் மணலில் நின்றன. அந்நாளைய உச்ச விலையிலே கணக்கிட்டாலும் மாலையில் செலவாகும் அரைக் கோப்பைப் பெற்றோல் 24 ரூபாவுக்குள் அடங்கும். காலையில் முப்பது முறை இழுத்து, பிளக்கைக் கழற்றித் துடைத்து, ஈற்றில் பெற்றோலைக் காபரேற்றரின் வாய்க்குள் ஊற்றி எழுப்புவோர் அதற்கு மேலேயே சிந்துகின்றனர். இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது, கடற்றொழிலாளர் வீட்டு மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், பின்னேரம் கையிலை காசு இராது, காலமை கடன் வாங்கலாம்” என்றான். என் கணக்கில் இல்லாத எண் அவனிடம் இருந்தது.

மறுமொழி வேறாக இருக்கும் அந்த இரண்டு முறைகளையும் சொல்லவேண்டும். பெற்றோலில்தான் நிறுத்தியது என்று இளைஞன் கூறினால், முதியவர் பிளக்கைக் கழற்றுவிப்பார். அது நனைந்திருக்கின்றதா, உலர்ந்திருக்கின்றதா? நனைந்திருப்பின் எண்ணெய் வருகின்றது, பொறி வரவில்லை. உலர்ந்திருப்பின் பொறி எப்படியிருந்தாலும் எண்ணெய் வரவில்லை. பொறியைச் சோதிக்கையில் பிளக்கை அதன் துளையிலிருந்து நன்கு விலக்கி, எஞ்சினின் உலோகத்தோடு சேர்த்துப் பிடிக்கவேண்டும். துளையின் அருகே பிடித்தால் வெளிவரும் ஆவி தீப்பற்றும். பிளக்கின் வெண்பீங்கானில் படியும் உப்பு ஒரு தனிப் பகை. இரவுப் பனியில் அவ்வுப்பு ஈரமாகி மின்னைப் பக்கவழியே கசியவிடும். வெயில் ஏறியதும் ஒன்றுமே நடவாததுபோல் எஞ்சின் எழும்பிவிடும். அத்தகைய எஞ்சினைப் பேய் பிடித்தது என்று சொல்லக் கேட்டிருக்கின்றேன். நன்னீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்தினால் பேய் போய்விடும்.

எண்ணெய் வராவிடின் முதலில் தாங்கி மூடியின் காற்றுத் துளையைப் பார்க்கவேண்டும். அது அடைபட்டிருந்தால் தாங்கிக்குள் வெறுமை உண்டாகி எண்ணெய் நகராது. பின்னர் குழாயின் இறப்பர்க் குமிழை அமுக்கிப் பார்த்தல்: இறுகாத குமிழ் எங்கோ காற்றை உறிஞ்சுகின்றது.

ஆனால் தாமதமாய் எழும்பி, எழும்பிய பின் குறையின்றி விரையும் எஞ்சின் ஒன்றுண்டு. அதனிடமே நோய் அறிதலின் நுட்பம் விளங்கும். விரைந்தோடும்போது எண்ணெயை ஊட்டுவது பெரிய ஜெற். அது நலமாயிருக்கின்றது என்பதற்கு அவ்வோட்டமே சாட்சி. எழும்பும்போதும் மெதுவாய் ஓடும்போதும் ஊட்டுவது சின்ன ஜெற். அதன் துளை அரை மில்லிமீற்றர் அளவே. சோளகக் காற்றுக் காலத்தில் படகு பல நாள் கரையில் கிடக்க, கிண்ணத்து எண்ணெயின் இலேசான பகுதி ஆவியாகிப் போய், அதனோடு கலந்திருந்த ஓயில் பிசினாய் இறுகி அத்துளையை அடைக்கின்றது. பலர் அதனைக் கம்பியாற் குத்துவர். பித்தளைத் துளை அகன்றுவிட்டால் அந்த ஜெற் எந்நாளும் திருந்தாது. முதியவர் பயன்படுத்துவது வலையிலிருந்து வெட்டிய மெல்லிய தங்கூசி நூல். அதனைத் துளைக்குள் விட்டு, பெற்றோலில் கழுவி, வாயால் ஊதி, வானத்தை நோக்கிப் பிடித்து ஒளி தெரிகின்றதா என்று பார்ப்பார்.

சோக்கின் தகடு முழுவதும் மூடுகின்றதா என்பதையும் அவ்வேளையிலேயே பார்த்துவிடுவது வழக்கம். துருவேறிய கம்பியால் அது முக்காற்பங்கே மூடினால், குளிர்ந்த எஞ்சினுக்கு வேண்டிய செறிந்த கலவை கிட்டாது. வளையங்கள் தேய்ந்து அமுக்கம் குன்றிய எஞ்சினைக் கயிற்றின் கனத்திலேயே அறியலாம். கை அதனை அறியும். அதற்குக் கரையில் மருந்தில்லை, கொழும்பிலிருந்து உதிரிப்பாகம் வரவேண்டும்.

மாலை விதியைக் காக்க விரும்பினாலும் கடல் சிலவேளை இடங்கொடாது. வலைக்கயிறு சிக்கி எஞ்சின் தானே நின்றுவிடும். கிண்ணத்தில் மண்ணெண்ணெய் அப்படியே தங்கிவிடும். அதற்கும் வழியுண்டு. கிண்ணத்தின் அடியில் ஒரு சிறு ஆணி உளது. அதனைத் தளர்த்தி, உள்ளிருக்கும் மண்ணெண்ணெயை ஒரு தகரப் பேணியில் ஏந்திக்கொண்டு, ஆணியை மீண்டும் இறுக்கி, மாற்றுத் திறப்பைப் பெற்றோலுக்குத் திருப்பிக் குமிழை இறுகும்வரை அமுக்கி, சோக்கை மூடி இழுத்தால், இரண்டாவது மூன்றாவது இழுப்பிலே எஞ்சின் எழும்பும். பேணியிற் பிடித்ததைப் பெரிய தாங்கிக்குள் திருப்பி ஊற்றிவிடலாம். அந்த ஆணிக்கு அளவான திருப்புளியை முதியவர் படகின் பின்பலகையில் ஒரு பாகம் நீளமுள்ள தங்கூசி நூலாற் கட்டித் தொங்கவிட்டிருந்தார்; ஆடும் படகில் கை தவறினாலும் இழுத்தெடுத்துக்கொள்ளலாம்.