ரெண்டு பிளக் தகராறு! பஜாஜ்–டி.வி.எஸ். வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கண்ட வழி

மோட்டார் சைக்கிள் மக்கர் பண்ணினால் மெக்கானிக் முதலில் கழற்றிப் பார்ப்பது ஸ்பார்க் பிளக்கைத்தான். அந்தச் சின்ன சாமானுக்காக 2 பெரிய கம்பெனிகள் கோர்ட்டு படி ஏறின.

ஒரு சிலிண்டருக்கு 2 பிளக் வைத்த என்ஜினுக்கு புனே பஜாஜ் கம்பெனி 2005-ல் காப்புரிமை வாங்கியது. பெட்ரோல் சீக்கிரமா, முழுசா எரியும் என்பது கணக்கு. 2007-ல் ஓசூர் டி.வி.எஸ். கம்பெனி 'பிளேம்' வண்டியை அறிவித்தது. அதிலும் 2 பிளக்! பஜாஜ் சும்மா இருக்குமா?

பஜாஜ் காரணமில்லாமல் மிரட்டுவதாக டி.வி.எஸ். சென்னை ஐகோர்ட்டில் வழக்கு போட்டது. பஜாஜும் தன் பங்குக்கு ஒரு வழக்கு போட்டது.

2008 பிப்ரவரியில் தனி நீதிபதி இடைக்கால தடை விதித்தார். டி.வி.எஸ். என்ன செய்தது? ஒரே பிளக்கோடு வண்டியை இறக்கிவிட்டது! 2009 மே மாதம் 2 நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் தடையை நீக்கியது.

கணக்கு எங்கே?

பஜாஜ் டெல்லிக்கு ஓடியது. 2009 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது இதுதான்: வண்டியை விற்கலாம். ஆனால் உள்நாட்டு விற்பனை, ஏற்றுமதி எல்லாவற்றுக்கும் சரியான கணக்கு வைக்கவேண்டும். கணக்குக்கு ரிசீவரும் உண்டு.

கணக்கு எதுக்கு? வழக்கில் ஜெயிக்கிறவர் நஷ்டஈடு கேட்கலாம். அல்லது எதிராளி சம்பாதித்த லாபத்தைக் கேட்கலாம். ரெண்டில் ஒன்றுதான். எதைக் கேட்டாலும் பேரேடு வேணுமே! கடை வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை.

நவம்பர் 30-க்குள் வழக்கை முடிக்கவும் உத்தரவு. முடிந்ததா? காப்புரிமைக்கு சட்டம் தரும் ஆயுளே 20 வருஷம். தகராறு மட்டும் 12 வருஷம் இழுத்தது. 2019 அக்டோபரில் ரெண்டு கம்பெனியும் சமாதானமாகப் பேசி வழக்குகளை முடித்துக்கொண்டன.