அடைபட்ட தமனியும் ஊடுகதிர்ப் படமும்

கால் தமனியில் குருதி திடீரென உறைந்து அடைத்துக்கொண்டால் கால் வெளிறும், குளிரும், கடுமையாக வலிக்கும். ஓட்டம் முற்றிலும் நின்றுவிட்டால் தசை ஏறத்தாழ ஆறு மணி நேரமே தாங்கும். உறைவைக் கரைக்கும் மருந்தோ பல மணி நேரம், சில வேளை ஒரு நாளுக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். மூளையில் குருதி கசியும் ஆபத்தும் அதில் உண்டு. உணர்வும் அசைவும் போய்விட்ட காலுக்கு மருந்தை நம்பிக் காத்திருக்க நேரமில்லை, அறுவைதான். மற்றவர்களுக்கு மருந்து கைகொடுக்குமா? கணிப்பு தவறினால் போவது கால்.

இந்தக் கணிப்பில் ஊடுகதிர்ப் படத்தின் பங்கு என்ன என்பதை இயற்பியல் மாணவன் என்ற முறையில் சொல்ல விழைகிறேன். எங்கள் ஊரில் எக்ஸ்ரே என்றால் எலும்பு முறிவுக்கு என்றே பொருள். தசையும் குருதியும் ஊடுகதிருக்கு ஏறக்குறைய ஒன்றே என்பதால் தமனி தனியே தெரியாது. ஆகவே அயோடின் கலந்த திரவத்தைத் தமனிக்குள் செலுத்துகிறார்கள். அயோடினின் அணு எண் 53. அது கதிரை மிகுதியாக உட்கவரும். 1929-இல் லிஸ்பனில் ரெய்னால்டோ டாஸ் சாண்டோஸ் பெருந்தமனியையே இப்படிப் படம்பிடித்தார். 1974-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் டாட்டர், தமனிக்குள் நுழைத்த மெல்லிய குழாய் வழியே ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தைச் சிறு அளவில் உறைவிலேயே செலுத்தும் முறையை வெளியிட்டார்.

படத்தில் தெரிவது உறைவு அன்று. திரவம் சென்ற பாதை மட்டுமே. என்னை மிகவும் சிந்திக்க வைத்தது இதுதான். அடைப்புக்குக் கீழே வெறுமையாக இருந்தால் அங்கே தமனியே கெட்டுவிட்டது என்று கொள்ளலாமா? கூடாது. மடையை அடைத்தால் வாய்க்கால் வறண்டு தெரியும்; அதனால் வாய்க்கால் இல்லையென்று ஆகுமா? முழங்காலுக்குக் கீழுள்ள மூன்று தமனிகளில் ஒன்றேனும் பாதம் வரை தெரிந்தால் நம்பிக்கை கூடுகிறது. ஏனெனில் உறைவு கரைந்தாலும் குருதி ஓடிச் செல்ல வழியில்லையேல் மீண்டும் உறைந்துவிடும்.

அடைப்பின் விளிம்பு பிறைபோல் வளைந்து, பிற தமனிகள் வழவழப்பாக இருந்தால், வேறிடத்திலிருந்து, பெரும்பாலும் இதயத்திலிருந்து, வந்து சிக்கிய கட்டி என ஊகிக்கலாம். சுற்றிலும் கிளைக் குழாய்கள் வேர்போல் பெருத்திருந்தால் அத்தமனி நெடுநாளாகவே நலிந்து வந்திருக்கிறது.

உறைவின் வயதும் முக்கியம். புதிய உறைவு ஃபைப்ரின் என்னும் புரத இழைகளாலான வலை. மருந்து பிளாஸ்மினோஜனைப் பிளாஸ்மினாக மாற்ற, அது இழைகளை அறுக்கிறது. நாள்பட்ட உறைவில் கொலாஜன் படிந்துவிடும். அதைப் பிளாஸ்மினால் அறுக்க இயலாது. 1994-இல் வெளியான 'ஸ்டைல்' என்னும் ஆய்வில் 393 நோயாளிகள் இடம்பெற்றனர். தொல்லை தொடங்கி 14 நாள்களுக்குள் வந்தவர்களில், மருந்து பெற்றோரிடையே கால் இழப்பு குறைவு. அதற்குப் பின் வந்தவர்களுக்கு அறுவையே மேலாக இருந்தது.

ஆனால் வலி தொடங்கிய நாளும் உறைவு தோன்றிய நாளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே திரையில் பார்த்தபடியே மெல்லிய கம்பியொன்றை உறைவுக்குள் செலுத்திப் பார்க்கிறார்கள். எளிதில் ஊடுருவினால் அது இளகிய, பெரும்பாலும் கரையக்கூடிய உறைவு. மருந்தைத் தொடங்கிச் சில மணி நேரம் கழித்து மீண்டும் படமெடுக்கிறார்கள். முதல் படத்தில் வெறுமையாக இருந்த இடத்தில் சில வேளை ஒரு தமனி பாதம் வரை நீண்டு தெரிகிறது.