பிள்ளைக் காம்பரா

திம்புள்ளைப் பள்ளத்தாக்கைக் காண வருவோரின் கண்கள் தேயிலை மலைகளின் பசுமையிலே லயித்துவிடுகின்றன. லயங்களை அடுத்து நிற்கும் ஒரு சிறு கட்டடத்தைக் கவனிப்போர் மிகச் சிலரே. தோட்ட மக்கள் அதனைப் பிள்ளைக் காம்பரா என்றும், பிள்ளை மடுவம் என்றும் அழைத்து வந்தனர். இன்று அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். பெற்றோர் தொழிலுக்குச் சென்றிருக்கும் பொழுதில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பேணும் இடம் அது.

கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண்களின் தொழில். காலையில் பெரட்டு முடிந்ததும் மலையேற வேண்டிய தாய், கைக்குழந்தையை என் செய்வாள்? மழையும் பனியும் அட்டையும் நிறைந்த மலைக்கு அதனைத் தூக்கிச் செல்லல் இயலாது. வீட்டில் தங்கினாலோ அன்றைய பேர் இல்லை. பேர் இல்லையேல் கூலியும் இல்லை. பேணுமிடமோ, வீட்டில் முதியோரோ இல்லாதபோது, தொட்டிலை ஆட்டும் பொறுப்பு மூத்த பெண்பிள்ளையின் தலையில் விழும். தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்ற சிறுமி பள்ளிக்கூடத்தை இழப்பாள். ஆகவே பிள்ளைக் காம்பரா குழந்தை ஒன்றையே காப்பதன்று. தாயின் கூலியையும் தமக்கையின் கல்வியையும் சேர்த்துக் காப்பது.

தொழிலாளரின் குழந்தைகளைப் பேணும் எண்ணம் புதியதன்று. ஸ்கொத்லாந்தின் நியூ லனார்க் என்னும் ஆலையூரில், ரொபர்ட் ஓவன் 1816-ஆம் ஆண்டிலேயே தொழிலாளரின் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் திறந்தார். இந்தியாவில் 1951-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தோட்டத் தொழிலாளர் சட்டம், பெண்கள் பலர் வேலை செய்யும் தோட்டங்களில் குழந்தைகள் காப்பகம் அமைய வேண்டுமென விதித்தது.

இலங்கையின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939-ஆம் ஆண்டில் தோன்றிப் பின்னர் பன்முறை திருத்தப்பெற்றது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குப் பாலூட்ட, தாய்க்கு வேலை நேரத்தில் இரு இடைவேளைகளை அது அளிக்கிறது. குழந்தை காப்பகம் இருப்பின் ஒவ்வோர் இடைவேளையும் 30 நிமிடத்துக்குக் குறையலாகாது. இல்லையெனில் ஒரு மணி நேரத்துக்குக் குறையலாகாது. நல்ல விதியே. ஆயினும் மலையின் தூரம் விதியில் எழுதப்படவில்லை. தூரத்து மலையில் கொழுந்து பறிப்பவளுக்கு, இறங்கி ஏறுவதிலேயே அரை மணி கழிந்துவிடும். மாலை நிறுவையில் கொழுந்தின் எடை குறையுமே என்ற கவலை வேறு. பாலூட்டும் தாய்க்கு நிலையத்தை அண்டிய மலையில் வேலை கொடுத்தால் இத்துன்பம் பெரிதும் தீரும். இதற்குப் பெருஞ்செலவும் வேண்டுவதில்லை.

குழந்தைக்குக் காவல் மட்டும் போதாது. 2016-ஆம் ஆண்டின் நாடளாவிய கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நூற்றுக்குச் சுமார் 17 பேர். தோட்டப் பகுதியிலோ சுமார் 32 பேர். வறுமை, தாயின் உடல்நலம், குடிநீர், சுகாதாரம் எனக் காரணங்கள் பல. பிள்ளைக் காம்பரா தனித்து நின்று அவற்றையெல்லாம் நீக்கிவிடாது. எனினும், பகற்பொழுதில் குழந்தை உண்ணும் உணவு சத்துள்ளதாக அமையவும், எடை குறைவதை வேளையோடு கண்டு மருத்துவ மாதுக்கு அறிவிக்கவும் ஏற்ற இடம் அதுவே அன்றோ?

இப்பணியின் உயிர்நாடி, குழந்தைகளைப் பேணும் பெண்மணி. கைகழுவப் பழக்குவதும், கதை சொல்லிப் பேச்சை வளர்ப்பதும், அழும் குழந்தையின் காரணம் அறிவதும் பயிற்சியால் வருபவை. குழந்தையை ஏந்தியிருக்க மட்டும் ஓர் ஆள் போதும் என்று எண்ணிய காலம் கழிந்தது. அவருக்கு ஆசிரியருக்குரிய பயிற்சியும் மதிப்பும் ஊதியமும் கிடைத்தல் வேண்டும்.

பெற்றோர்க்கும் ஒரு கடமை உண்டு. மாலையில் குழந்தையை வாங்கும்போது, "இன்றைக்கு என்ன சாப்பிட்டான்? என்ன விளையாடினான்?" என்று இரு வார்த்தை கேளுங்கள். மாணவச் செல்வங்களே! விடுமுறையில் உங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்குச் சென்று, அங்குள்ள சிறுவர்க்கு ஒரு கதை சொல்லுங்கள். அவர்களுள் ஒருத்தியின் தமக்கை, பள்ளி நாட்களில் கவலையின்றித் தன் வகுப்பில் அமர்ந்து பாடம் படித்துக்கொண்டிருப்பாள்.