சொல் ஒன்று, பொருள் பல

ஆங்கில அகராதியில் மிகுதியான இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் சொல் எது? முழ நீளமுள்ள மருத்துவச் சொல்லாகவோ, வாயில் நுழையாத வேதிப்பொருளின் பெயராகவோ இருக்கும் என்று எண்ணத் தோன்றும். உண்மை இதற்கு நேர்மாறானது. 1989ஆம் ஆண்டு 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட விளக்கம் பெற்ற சொல், மூன்றே எழுத்துள்ள 'செட்' என்பதுதான். வினைச்சொல்லாக அதற்கு 430 பொருள்கள் தரப்பட்டிருந்தன. அதே அகராதியின் திருத்திய பதிப்புக்காக 2011இல் ஆராய்ந்தபோது 'ரன்' என்ற சொல் அதையும் மிஞ்சிவிட்டது. அதன் வினைப் பொருள்கள் 645!

தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கில அறிவியல் நூலைக் கையில் எடுக்கும் மாணவரை இடறிவிடுபவை பெரும்பாலும் இத்தகைய சிறு சொற்களே. 'தெர்மோடைனமிக்ஸ்' என்பது தமக்குத் தெரியாத சொல் என்று மாணவருக்குத் தெரியும்; எனவே அகராதியைப் புரட்டுவார். ஆனால் 'லைட்', 'பவர்', 'சார்ஜ்' போன்றவை தெரிந்த சொற்கள் போலத் தோன்றுகின்றன. எனவே தமக்குத் தெரிந்த பொருளையே அங்கே பொருத்திப் பார்க்கிறார். வாக்கியம் விளங்குவதில்லை. குற்றம் சொல்லில் இருக்க, தமக்கு இயற்பியல் வராது என்று முடிவு கட்டிவிடுகிறார். இந்தச் சிக்கலின் வேரைச் சற்று ஆராய்வோம்.

சிறு சொற்களுக்கு ஏன் இத்தனை பொருள்?

ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிப்ஃப் என்ற அமெரிக்க அறிஞர் சொற்களை எண்ணிக் கணக்கிட்டு ஆராய்ந்தவர். அடிக்கடி வழங்கும் சொற்கள் குறுகியவையாக இருக்கின்றன என்பதை அவர் காட்டினார். 1945இல் மற்றொரு தொடர்பையும் வெளியிட்டார். ஒரு சொல்லின் பொருள்களின் எண்ணிக்கை, அச்சொல் வழங்கும் அளவின் இருமடி மூலத்துக்கு ஏறத்தாழ நேர் விகிதத்தில் உள்ளது என்பதே அது. அதாவது, ஒரு சொல்லைவிட மற்றொன்று 100 மடங்கு அதிகமாக வழங்கினால், அதற்குப் பொருள்களும் ஏறக்குறைய 10 மடங்கு இருக்கும்.

காரணம் எளிது. புதிய கருத்து ஒன்று தோன்றும்போது புதிய சொல்லைப் படைத்து எல்லோருக்கும் கற்பிப்பதைவிட, எல்லோருக்கும் தெரிந்த சொல்லின் தலையில் அதையும் ஏற்றிவிடுவது எளிது. 'ஓடு' என்ற நம் சொல்லையே பாருங்கள். குதிரை ஓடுகிறது, ஆறு ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, திரைப்படம் நூறு நாள் ஓடுகிறது. கால் இல்லாதவையெல்லாம் ஓடுகின்றனவே என்று நாம் வியப்பதில்லை.

உறவும் தற்செயலும்

ஒரு சொல்லுக்குப் பல பொருள்கள் அமையும் வழிகள் இரண்டு. ஒரு பொருளிலிருந்து மற்றொரு பொருள் கிளைப்பது ஒன்று. தொடர்பே இல்லாத இரு சொற்கள் ஒலி தேய்ந்து ஒரே வடிவம் அடைவது மற்றொன்று. குறுகிய வடிவங்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆதலால் இத்தகைய மோதல் சிறு சொற்களில்தான் மிகுதி.

இவ்விரண்டையும் பிரித்தறியத் தமிழே நமக்கு ஒரு கருவியாக உதவும். திருவண்ணாமலையில் மலையின் அடிவாரம் என்கிறோம். மலையின் உயரம் 2668 அடி என்கிறோம். இறைவனின் திருவடி என்கிறோம். பாதம், கீழ்ப்பகுதி, நீள அளவு ஆகிய மூன்றையும் 'அடி' சுட்டுகிறது. ஆங்கிலத்தின் 'ஃபுட்' என்ற சொல்லும் இதே மூன்றையும் சுட்டுகிறது. உறவில்லாத இரு மொழிகளில் ஒரே பொருள்கள் கூடி நிற்கின்றன என்றால், அவை மனித மனத்தில் இயல்பாகவே ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவை என்று கொள்ளலாம்.

இனி 'லைட்' என்பதை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஒளி என்றும், கனமில்லாத என்றும் பொருள். தமிழில் இவ்விரண்டும் ஒரே சொல்லில் கூடுவதில்லை. வரலாறும் இதை உறுதி செய்கிறது. பழைய செருமானிய மொழியில் இவை வெவ்வேறு சொற்கள். காலப்போக்கில் ஆங்கிலத்தில் ஒன்றாகிவிட்டன. 'போல்' என்பதும் இப்படித்தான். காந்தத்தின் முனையைக் குறிக்கும் 'போல்' கிரேக்கத்திலிருந்து வந்தது. கம்பத்தைக் குறிக்கும் 'போல்' இலத்தீனிலிருந்து வந்தது.

இதை அறியாவிட்டால் என்ன ஆகும்? அணு உலை பற்றிய நூலில் 'லைட் வாட்டர்' என்று வருகிறது. அதை 'ஒளி நீர்' என்று கொண்டால் அந்த அத்தியாயமே இருண்டுவிடும். அது சாதாரண நீர்தான். ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகையாகிய டியூட்டீரியம் உள்ள கனநீரிலிருந்து வேறுபடுத்தவே அப்பெயர். 1980களில் மின்னுற்பத்தி தொடங்கிய கல்பாக்கம் அணுமின் நிலைய உலைகள் கனநீரைப் பயன்படுத்துபவை. 2013இல் மின்தொகுப்புடன் இணைக்கப்பட்ட கூடங்குளத்தின் முதல் உலை சாதாரண நீரைப் பயன்படுத்துவது.

வண்டியிலிருந்து மின்னூட்டம் வரை

'சார்ஜ்' என்ற சொல்லின் கதை சுவையானது. இலத்தீனில் வண்டியைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து 'வண்டியில் பாரம் ஏற்று' என்ற வினை பிறந்தது. அதுவே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஒருவர்மீது ஏற்றிய பாரம் பொறுப்பு. பணப் பாரம் கட்டணம். பழியின் பாரம் குற்றச்சாட்டு. ஒரு பொருளில் ஏற்றிய மின்சாரம் மின்னூட்டம். நாமும் 'குற்றம் சுமத்தினார்', 'வரிச்சுமை', 'பொறுப்பு' என்று சுமையையும் பொறுத்தலையும் கொண்டே பேசுகிறோம் அல்லவா? மின்னூட்டத்துக்கு 'மின்சுமை' என்ற சொல்லும் வழங்கியதுண்டு. சிதறிக் கிடப்பதாகத் தோன்றிய பொருள்கள், வேர் தெரிந்ததும் ஒரே குடும்பமாகிவிடுகின்றன.

அலகைக் கேளுங்கள்

இயற்பியல் மாணவருக்கு மற்றுமொரு வழி உண்டு. 'பவர்' என்ற சொல் வந்தால் அதன் அலகு என்ன என்று கேளுங்கள். வாட் என்றால், வேலை செய்யும் வீதம். 100 வாட் விளக்கு ஒரு வினாடிக்கு 100 ஜூல் ஆற்றலை எடுத்துக்கொள்கிறது. டயாப்டர் என்றால், லென்சின் குவிக்கும் திறன். 2 டயாப்டர் மூக்குக்கண்ணாடி லென்சின் குவியத் தூரம் அரை மீட்டர். அலகே இல்லை என்றால், பெரும்பாலும் அது கணிதத்தின் அடுக்கு. 10இன் 3ஆம் அடுக்கு 1000.

இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் 1916இல் சேலத்தில் அறிவியல் சொல்லாக்கத்துக்கென ஒரு சங்கம் கண்டு இதழ் நடத்திய காலம் முதல், தமிழில் கலைச்சொல் ஆக்கும் பணி நடந்து வருகிறது. அதன் பயனாக விசை, ஆற்றல், திறன், அடுக்கு எனக் கருத்துகளைத் தனித்தனியே சுட்டும் சொற்கள் நமக்கு வாய்த்துள்ளன. தமிழ் வழியில் பயின்றவருக்கு இது ஒரு குறையன்று, கைம்முதல். ஆயினும் இங்கும் விழிப்பு வேண்டும். வாட்டில் அளப்பதும் டயாப்டரில் அளப்பதும் தமிழிலும் 'திறன்' என்றே வழங்குகின்றன. 'திருப்புத்திறன்' என்பதிலும் திறன் உண்டு. ஆனால் அதன் அலகு நியூட்டன் மீட்டர். எந்த மொழியானாலும் அலகைப் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும்.

மாணவர்கள் இதை ஒரு பயிற்சியாகச் செய்து பார்க்கலாம். 'செல்', 'ஃபீல்ட்', 'மாஸ்' ஆகிய மூன்று சொற்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தமிழில் எத்தனை சொற்கள் தேவைப்படுகின்றன என்று பட்டியலிடுங்கள். ஒரு குறிப்பு மட்டும் தருகிறேன். 'செல்' என்பதன் இலத்தீன் மூலத்துக்குச் சிறிய அறை என்று பொருள். 1665இல் இராபர்ட் ஹூக் உருப்பெருக்கியில் தக்கையைப் பார்த்து, அதிலிருந்த சின்னஞ்சிறு அறைகளுக்கு அப்பெயரையே சூட்டினார். சிறைக்கூடமும் மின்கலமும் அந்தப் பட்டியலில் எந்த வழியாக வந்து சேர்ந்தன என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள்.