வளரும் பிள்ளைகளுக்கு நிறைந்த உறக்கம்

பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில் பல இல்லங்களில் நள்ளிரவு வரை விளக்கு எரியும்; அதிகாலை 4 மணிக்கு மீண்டும் எரியும். பிள்ளைகளின் முன்னேற்றத்தில் பெற்றோர் கொண்டுள்ள அக்கறையே இதற்குக் காரணம். ஆயினும், உறக்கத்தைக் குறைத்துக் கல்வியைப் பெருக்க இயலுமா என்பது சிந்திக்கத்தக்கது.

உறக்கத்தின் பயன்

13 முதல் 18 வயது வரையுள்ளோர் நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரம் உறங்க வேண்டும் என மருத்துவர்கள் வரையறுத்துள்ளனர். உடல் வளர்ச்சிக்கான சுரப்புநீர் ஆழ்ந்த உறக்கத்திலேயே மிகுதியாகச் சுரக்கிறது. பகலில் கற்றவை மூளையில் நிலைபெறுவதற்கும் உறக்கம் இன்றியமையாதது.

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளுள் கடைசியானது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. அங்குத் தேங்கி, வடகால், தென்கால் வழியே பாயும் நீரே நெல்லையும் வாழையையும் விளைவிக்கிறது. தேங்காத நீர் புன்னைக்காயலருகே கடலில் கலந்துவிடுகிறது. படித்த பாடத்தைத் தேக்கி நிறுத்தும் அணை உறக்கமாகும்.

சோம்பல் அன்று

இரவில் விரைவில் உறங்காத பிள்ளையை, காலையில் எழத் தயங்கும்போது சோம்பேறி எனக் கடிந்துகொள்கிறோம். உண்மை வேறு. மனித உடலுக்குள் ஒரு கடிகாரம் இயங்குகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் அவர்தம் குழுவினரும் கதிரவன் ஒளியும் கடிகாரமும் இல்லாத அறையில் தன்னார்வலர்களைத் தங்கச் செய்து ஆராய்ந்தனர். அங்கும் உறக்கமும் விழிப்பும் மாறிமாறிச் சுழன்று வந்தன. இக்கடிகாரத்தின் இயக்கத்தைக் கண்டறிந்த மூவர் 2017-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர்.

பதின்பருவத்தில் இக்கடிகாரம் பின்தங்குகிறது. உறக்கத்திற்குரிய மெலடோனின் இரவில் 2 மணி நேரம் வரை தாமதித்துச் சுரக்கக்கூடும். இதனை உணர்ந்தே அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகளைக் காலை 8.30 மணிக்கு முன் தொடங்கலாகாது எனப் பொதுவாக விதித்துள்ளது.

செய்யத்தக்கவை

4 மணிக்கு எழ வேண்டிய பிள்ளை முந்திய இரவு 8 மணிக்கே உறங்கியிருக்க வேண்டும். அது இயலாதெனில், 10 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுவதே நன்று. படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே கைப்பேசியை விலக்குதல் நலம். அதன் ஒளி உறக்கத்தைத் தாமதப்படுத்தும். மாலைக்குப் பின் காப்பியும் தேநீரும் வேண்டா. விடுமுறை நாட்களிலும் ஏறக்குறைய அதே நேரத்தில் எழுதல் வேண்டும். பெண் பிள்ளைகள்மீது விழும் அதிகாலை வீட்டு வேலைகளை வீட்டார் அனைவரும் பகிர்ந்துகொள்ளல் கடமை.

ஊருக்கும் இதில் பொறுப்புண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. விழாக்களுக்கென அரசு அளிக்கும் சில நாள் விலக்கும் நள்ளிரவு 12 மணி வரையே செல்லும். கோயில் கொடைகள் பல தேர்வுக் காலத்திலேயே வருவதால், விழாக் குழுவினரும் ஊராட்சியும் முன்கூட்டியே கூடிப் பேசி ஒலியைக் கட்டுப்படுத்தலாம்.

தேர்வுக்கு நேர அட்டவணை வகுக்கும் பெற்றோர், முதலில் உறக்கத்திற்குரிய 8 மணி நேரத்தைக் குறித்துவிட்டு, எஞ்சியதைப் படிப்புக்குப் பங்கிடுவார்களாக.